நடுப்பாலத்துத் தொய்வு

பாலத்தின் வயிற்றுக்குள் போக, கரையோரத் தூணுக்கு மேலே, ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஓர் இரும்புக் கதவு உண்டு. மேலே வண்டியில் போகிறவர்களுக்குப் பாலம் என்றால் ஒரு சாலை, கீழே ஆறு, அவ்வளவுதான். அந்தச் சாலைக்கு அடியில் கரைக்குக் கரை நீண்டு கிடக்கும் ஒரு கான்கிரீட் அறை இருக்கிறது என்பதும், அதற்குள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒருத்தி நடக்கிறாள் என்பதும் யாருக்கும் தோன்றாது. உள்ளே எப்போதும் ஈரச் சிமெண்ட் வாடையும் வௌவால் புழுக்கை வாடையும். வெயில் ஏறிவிட்டால் கவிழ்த்த சட்டிக்குள் இருப்பதுபோல் புழுங்கும். லோடு லாரி போனால், ஓட்டின்மேல் இரும்புப் பீப்பாய் உருட்டுகிறாற்போல் சத்தம் ஒரு முனையில் தொடங்கி, தலைக்கு மேல் வந்து, மறுமுனைக்குப் போய் அடங்கும்.

தெருவில் அவளை இன்ஜினியரம்மா என்பார்கள். பாலங்களைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் வேலை. இந்தப் பாலம் அவள் பொறுப்பு. விரிசலின் இரண்டு முனையிலும் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுவாள். பாலத்தை உள்ளிருந்து இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் போகும் குழாய்களில் துரு வழிகிறதா என்று தடவிப் பார்ப்பாள். மாதம் ஒரு தடவை, விடியக்காலையில், வெயில் பாலத்தைத் தொடுவதற்கு முன்பே மட்டக்கருவியை நிறுத்தி, நடுப்பாலம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளப்பாள். வெயில் பட்டுவிட்டால் பாலம் தானாகவே கொஞ்சம் அசைந்து கொடுக்கும். அதற்கப்புறம் எடுக்கிற அளவுக்கு மதிப்பில்லை.

பாலம் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டியபோது நடுவில் லேசாக மேடாகத்தான் கட்டினார்கள். அந்த மேடு சமமாகி, சமம் பள்ளமாகி, அந்தப் பள்ளத்துக்கு லாரிக்காரர்கள் 'தொட்டில்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். இறங்கும்போது வயிற்றில் ஒரு கூச்சம், ஏறும்போது முதுகில் ஒரு தள்ளல். அவளுக்கு முன்னால் பொறுப்பில் இருந்தவர்கள் பள்ளம் தெரியாமலிருக்க வருஷா வருஷம் தார் போட்டு நிரவினார்கள். பள்ளம் மறைந்தது. கொஞ்ச நாளில் இன்னும் ஆழமாகத் திரும்பி வந்தது.

அவள் புருஷன் லாரி டிரைவர். அக்கரைக் கல் குவாரியிலிருந்து இக்கரைக்கு ஜல்லி கொண்டுவருவான். அவனும் தம்பியும் ஒரே லாரியில் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். வீட்டில் அவர்களுக்குப் பெரியவன், சின்னவன் என்றுதான் பெயர். சின்னவனுக்கு முப்பதாகியும் கல்யாணம் ஆகவில்லை. கேட்டால், "லாரியில ரெண்டு சீட்டுதான் இருக்கு, இன்னொண்ணுல அண்ணன் உக்காந்திருக்கான்" என்பான். அவர்களுடைய அம்மா ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்து இரண்டு பேரையும் ஆளாக்கியவள். கொதிநீரில் ஊறி ஊறி அவள் விரல்நகங்கள் இன்னும் வெளிறித்தான் இருக்கும். வேலையை விட்ட பிறகும் ஒரு துண்டைக்கூட நாலு மடிப்பாகத் தட்டி மடிக்காமல் வைக்கமாட்டாள். அக்கம்பக்கத்தில் யாராவது மருமகளைப் பற்றிக் கேட்டால், "அவ பாலத்தத் தாங்கறா, நான் வீட்டத் தாங்கறேன்" என்பாள். அதில் பாதி பெருமை, பாதி குத்தல்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் நாலு பேரும் சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணி, உங்க தொட்டில் இந்த மழைக்கப்புறம் ஜோரா ஆடுது" என்றான் சின்னவன். "நேத்து எதிர்ல பஸ் வந்துச்சு. ரெண்டு வண்டியும் சேர்ந்து தாலாட்டிக்கிட்டோம். பஸ்ல ஒரு குழந்தை தூங்கியே போச்சு."

மாமியார் சிரித்தாள். மருமகள் சிரிக்கவில்லை.

"நாளைக்கு எழுதிக் குடுக்கப் போறேன்" என்றாள். "லோடு லாரி எதுவும் பாலத்து மேல போகக் கூடாதுன்னு."

பெரியவன் சோற்றைப் பிசைந்த கையோடு நிமிர்ந்தான். "எங்க வண்டியுமா?"

"எல்லா வண்டியும்தாங்க."

"கட்டின புருஷனுக்குக்கூட சலுகை கிடையாதா?" விளையாட்டாகத்தான் கேட்டான். அவள் முகத்தைப் பார்த்ததும் விளையாட்டு போய்விட்டது. "இத்தனை வருஷம் நின்ன பாலம். திடீர்னு இப்ப என்ன வந்துச்சு?"

"திடீர்னு ஒண்ணும் வரல. அதுதான் கஷ்டமே. திடீர்னு ஏதாவது ஆச்சுன்னா எல்லாரும் நம்பிடுவாங்க." அவள் அலமாரியைக் காட்டினாள். "அந்த மேல்தட்டுப் பலகையப் பாருங்க. பானைய வச்ச அன்னிக்கே அது துளி வளைஞ்சிருக்கும். அது வேற. அப்புறம் பானைய எடுக்கவே இல்ல. அதே பானை, அதே கனம். பலகை மட்டும் வருஷா வருஷம் இறங்குது பாருங்க. கான்கிரீட்டும் அப்படித்தான். பாரம் மேலயே இருந்தா இறங்கிக்கிட்டே இருக்கும். கட்டினவங்களுக்கும் அது தெரியும். கொஞ்ச வருஷத்துல அடங்கிடும்னு கணக்குப் போட்டாங்க. இது அடங்கல."

"உள்ள கம்பி வச்சு இழுத்துக் கட்டியிருக்குன்னு சொல்லுவியே?"

"கான்கிரீட் சுருங்கச் சுருங்க அந்தக் கம்பியும் தளருது. அது தளரத் தளர இது இன்னும் இறங்குது. பத்தாததுக்கு மேல ஊத்தின தாரோட கனம் வேற. முதுகு வளைஞ்சவன் மேல மூட்டைய வச்சு, 'இப்ப சமமாயிட்டான்'னு சொன்ன கதைதான்."

"அப்ப பலகைய மாத்திட வேண்டியதுதானே?" என்றான் சின்னவன்.

"மாத்தறதுக்கு முன்னாடி பானைய இறக்கணும்டா மடையா" என்றாள் அம்மா.

பெரியவன் எழுந்து கை கழுவப் போனான். குழாயடியிலிருந்து, யாரையும் பார்க்காமல், "பானை நாங்கதான்" என்றான்.

தடை வந்தது. பாலத்தின் இரண்டு முனையிலும் தூக்கி இறக்கும் தடுப்பு வைத்து, பஸ்களை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டு அனுப்பக் காவலாளி போட்டார்கள். லோடு லாரிகளுக்கு மலைச்சாலைதான் வழி. ஆற்றின் மேல்போக்கில் வெகுதூரம் ஏறி, குறுகலான ஒரு பழைய பாலத்தைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வர வேண்டும். முன்பு ஒரு காலைப்பொழுதில் முடிந்த நடைக்கு இப்போது பகல் முழுக்கப் போயிற்று. அண்ணனும் தம்பியும் இருட்டோடு கிளம்பி இருட்டோடு வந்தார்கள். சட்டையில் எரிந்த பிரேக் நாற்றம் அடித்தது. எத்தனை தரம் அலசினாலும் அது போகவில்லை என்று மாமியார் முணுமுணுத்தாள்.

தெருவில் பேச்சு மாறியது. பாலத்தடியில் டீக்கடை வைத்திருந்தவன், அவள் காதில் விழும்படியே, "பாலம் குத்துக்கல்லாட்டம் நிக்குது, பயந்தவங்க கண்ணுக்குத்தான் ஆடுது" என்றான். அவள் காசை வைத்துவிட்டு, பாதி டீயோடு நடந்தாள். தார் அடுக்குகளைச் சுரண்டி எடுக்க வேண்டும், உள்ளே புதுக் கம்பி வடங்கள் போட்டு இழுக்க வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆகட்டும் என்றார்கள். எப்போது என்று யாரும் சொல்லவில்லை.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. மலையில் மண் சரிகிறது என்று ரேடியோவில் சொன்ன ஒரு காலை, பெரியவன் லுங்கியோடு சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"ஒரே ஒரு நடை" என்றான். "இன்னிக்கு மட்டும் பாலத்து மேல போய்க்கிறேன். காவல்காரன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு, தடுப்பத் தூக்குவான்."

"முடியாதுங்க."

"ஒரு நடையில விழுந்துடுமா?"

"விழாது. ஒரு நடைக்கு விழாது. ஆனா எல்லாரும் ஒரு நடைதான் கேக்கறாங்க."

"நான் எல்லாருமா?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. மாமியார் ஓடிவந்து இறக்கினாள்.

"அப்ப நான் போகல" என்று சாவியை மேசைமேல் வீசினான் பெரியவன். "ஜல்லி வேணும்னா ஊரே மலைக்குப் போய் அள்ளிக்கட்டும். எனக்கும் ரோஷம் இருக்கு."

சாவி வழுக்கிக் கீழே விழுந்தது. சின்னவன் குனிந்து எடுத்தான். "விடுண்ணா. நான் போறேன். குவாரியில சொல்லி வச்சாச்சு. நீ இன்னிக்குப் படுத்துத் தூங்கு, உன் கண்ணப் பாரு, சிவந்து கெடக்கு." பிறகு அவளிடம், "அண்ணி, அண்ணன் கோவத்த டீயில கரைச்சுக் குடுங்க, நானே குடிச்சுட்டுப் போறேன்" என்றான். நின்றபடியே குடித்தான்.

"கீழ் கியர்லயே இறக்குடா. பிரேக்க நம்பாத" என்றாள் அம்மா.

"சரிம்மா. எனக்குத் தெரியாதா?"

சாயங்காலம் அலுவலகத்துக்குப் போன் வந்தது. லோடோடு இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. வளைவில் திரும்பாமல் லாரி பாறையில் மோதிக் கவிழ்ந்திருந்தது. அவளும் புருஷனும் போய்ச் சேர்ந்தபோது சாலை முழுக்க ஜல்லி கொட்டிக் கிடந்தது. மழையில் கழுவிய ஜல்லி, பளிச்சென்று. அதன்மேல் நடந்துதான் அவனிடம் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் கால் வழுக்கியது. பெரியவன் இரண்டு முறை விழுந்தான். இரண்டாவது முறை எழுந்திருக்காமல், கல்லை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி ஓரத்தில் போடத் தொடங்கினான், வழி பண்ணுகிறவன்போல. போலீஸ்காரர் ஒருவர் வந்து தோளைப் பிடித்துத் தூக்கும்வரை நிறுத்தவில்லை.

அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகு வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பெரியவன் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு ஒரு டயர் கடையில் பஞ்சர் ஒட்டும் வேலைக்குப் போனான். மாமியார் வழக்கம்போல் சமைத்தாள். காலையில் துணி காயப்போட மாடிக்குப் போவாள். அங்கிருந்து பார்த்தால் ஆறும் பாலமும் தெரியும். வெகுநேரம் நின்றுவிட்டு, காலி வாளியோடு கீழே வந்து, "இன்னும் நிக்குது" என்பாள். இன்றைக்கு மழை வராது என்பதுபோல் ஒரு சாதாரணக் குரலில்தான் சொல்வாள். தினமும் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவன் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டே, குனிந்த தலையோடு கேட்டான்.

"விழுந்திருக்குமா?"

"என்னது?"

"பாலம். நீ நிறுத்தாம இருந்தா. இந்நேரம் விழுந்திருக்குமா?"

"தெரியாது."

"தெரியாமயா நிறுத்தினே?"

"தெரியாததாலதான் நிறுத்தினேன்."

அவன் நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டினான். "பொய்யாவது சொல்லேன்டி" என்றான். "விழுந்திருக்கும்னு சொல்லிடேன். நீ சொன்னா நான் நம்பிக்கிறேன்."

அவள் வாயைத் திறந்தாள். அவன் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான்.

மழை நின்றதும் அலுவலகத்துக்கு எங்கிருந்தோ வேகம் வந்துவிட்டது. ஒரு சாவு நடந்துவிட்டதால்தான் வந்தது என்று அவளுக்குத் தெரியும். தார் அடுக்குகளைச் சுரண்டினார்கள். ஒவ்வோர் அடுக்கும் ஒவ்வொரு கறுப்பு, வயதான மரத்தின் வளையங்கள்போல. பாலத்தின் வயிற்றுக்குள் புதுக் கம்பி வடங்களை நீளவாக்கில் ஓட்டினார்கள். ஆட்கள் பனியனைக் கழற்றிவிட்டு முட்டிபோட்டு வேலை செய்தார்கள். ஜாக்கி வைத்து வடத்தை இழுத்த அன்று, கான்கிரீட் முனகியது. தூக்கத்தில் புரண்டு படுக்கிறவன் விடும் முனகல்போல ஒன்று. எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள். நடுப்பாலம் இரண்டு விரல்கடை மேலே வந்திருந்தது.

பெரிய இன்ஜினியர் எல்லாருக்கும் டீ சொன்னார். நல்ல மனிதர்தான். அவளைத் தனியாக அழைத்து, "கொஞ்ச மாசம் பாருங்கம்மா. இப்படியே நின்னா தடைய எடுத்துடலாம். ஜனங்க மலைச்சாலையில படற பாடு உங்களுக்குத் தெரியாததா?" என்றார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்து, டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் அவள் அதைச் சொன்னபோது மாமியார் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

"திரும்ப லாரி போகுமா?"

"போகலாம் அத்தை. அளவு நின்னுச்சுன்னா."

"அப்ப அந்தக் கம்பிய முன்னாடியே போட்டிருக்கலாமே?"

"கேட்டேன் அத்தை. அப்பவே கேட்டேன்."

மாமியார் துண்டை உதறி, மறுபடியும் முதலிலிருந்து மடித்தாள். "நான் ஒண்ணு சொல்லட்டுமா? யார்கிட்டயும் சொல்லல. அது விழணும். மேல ஈ காக்கா இல்லாத நேரமாப் பாத்து, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாம, அது பாட்டுக்கு ஆத்துக்குள்ள விழணும். தினம் மாடிக்கு ஏறறப்ப அதத்தான் நெனச்சுக்கிட்டு ஏறறேன். விழுந்துட்டா எம்புள்ள எதுக்குப் போனான்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். அது நின்னுக்கிட்டே இருந்தா நான் என்ன சொல்லிக்க?"

அவள் மாமியாரின் கையைத் தொடப் போனாள். மாமியார் மடித்த துண்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த மாதம் மட்டம் பார்க்க விடியலில் போனாள். ஆற்றின்மேல் பனிமூட்டம். அலுவலகத்து ஜூனியர், ஒல்லியான பெண், நடுப்பாலத்தில் அளவுக்கோலைப் பிடித்து நின்றாள். இவள் கருவியில் கண்ணை வைத்தாள். கோட்டைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். மேலே வந்த இரண்டு விரல்கடையில் ஒரு பங்கு போயிருந்தது. புது வடம் போட்டும், தாரைச் சுரண்டியும், பாலம் திரும்ப இறங்கத் தொடங்கியிருந்தது.

அப்போது அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று தளர்ந்து, இதமாகப் பரவியது. அப்பாடா என்றிருந்தது. அது என்ன என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கருவியிலிருந்து விலகி, சாலையோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதல் பஸ் இதே சாலையில் வரப்போகிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள், மருத்துவமனைக்குப் போகிற கிழவர்கள், கறிகாய்க் கூடைகள். அந்தப் பாலம் இறங்குகிறது என்று அவளுக்குச் சந்தோஷம் வந்திருந்தது.

"மேடம், என்ன ஆச்சு?" ஜூனியர் ஓடிவந்தாள்.

"ஒண்ணும் இல்ல. நீங்க ஒரு தடவை பாருங்க. நான் கோலைப் பிடிக்கறேன்."

"நீங்கதான் பாத்துட்டீங்களே?"

"நீங்க பாருங்க. நான் என்ன பாத்தேன்னு சொல்லமாட்டேன்."

ஜூனியர் பார்த்து அளவைச் சொன்னாள். அதே அளவுதான். அது அவளுக்கு ஆறுதலாகவும் இல்லை, ஆறுதல் இல்லாமலும் இல்லை.

அன்றே பெரிய இன்ஜினியரிடம் போய், இனிமேல் இந்தப் பாலத்தை வேறு யாராவது அளக்கட்டும் என்று கேட்டாள்.

"உங்கள விட்டா இதத் தெரிஞ்சவங்க யாரும்மா இருக்காங்க?"

"தெரிஞ்சது போதும் சார். என் கண்ண என்னால நம்ப முடியல."

அவர் ஜூனியர் எழுதிய அளவைப் பார்த்தார். தடை அப்படியே நீடிக்கும் என்றார். இறக்கம் நிற்காவிட்டால் பஸ்ஸையும் நிறுத்த வேண்டிவரும், கடைசியில் இடித்துவிட்டு வேறு பாலம்தான் கட்ட வேண்டும், அதற்கு நம் காலம் போதுமோ போதாதோ என்றார். மலைச்சாலையில் அந்த வாரமும் ஒரு லாரி கவிழ்ந்திருந்தது. டிரைவருக்குக் காலோடு போயிற்று. அதை அவர் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மாமியார் சேலை மாற்றி, செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"என்னைக் கூட்டிக்கிட்டுப் போ."

"எங்க அத்தை?"

"பாலத்துக்கு. இத்தனை வருஷமா பஸ்ஸுல போயிருக்கேன், ஒரு தடவ எறங்கிப் பாத்ததில்ல. எங்க இறங்கியிருக்குன்னு காட்டு."

நடந்தே போனார்கள். மாமியாருக்கு மூட்டுவலி. பாதி வழியில் நின்று நின்று மூச்சு வாங்கினாள். காவலாளி எழுந்து நின்று வழிவிட்டான். ஆற்றுக்காற்று முகத்தில் அடித்தது. பாலத்தின் ஓரத்தில், நடக்கிறவர்களுக்கு ஒதுக்கிய குறுகலான பாதையில், மாமியார் முன்னாலும் மருமகள் பின்னாலுமாகப் போனார்கள். கால்வாசிப் பாலம் போனதும் அவள் நிறுத்தினாள்.

"இங்கிருந்து பாத்தாத்தான் தெரியும் அத்தை. நடுவுக்குப் போயிட்டா தெரியாது."

"எங்க? எனக்கு எல்லாம் நேராத்தான் இருக்கு."

"குனிங்க. இந்தக் கைப்பிடிக் கம்பியோட மட்டத்துக்குக் கண்ணக் கொண்டு வாங்க. ஒரு கண்ண மூடிக்குங்க. கம்பி போற வழியே பாருங்க."

மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தாள். கன்னத்தைக் குளிர்ந்த கம்பியில் வைத்து, ஒரு கண்ணைச் சுருக்கி, துணி நேராக மடிந்திருக்கிறதா என்று பார்க்கிறவள்போல் பார்த்தாள். கம்பி நேராகப் போயிற்று. தூரத்தில், நடுவுக்குக் கிட்டே, களைத்துப்போன கயிறுபோல் லேசாகத் தாழ்ந்தது. பிறகு தயங்கித் தயங்கி அக்கரைக்கு ஏறியது.

அவள் வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு, நிமிராமலே, கேட்டாள்.

"இவ்வளவுதானா?"

அதற்குள் பின்னால் தடுப்பு தூக்கி ஒரு பஸ் ஏறியது. ஜன்னலெல்லாம் முகங்கள். அது அவர்களைத் தாண்டிப் போகும்போது காலடியில் பாலம் நடுங்கியது, முதலில் பாதத்தில், பிறகு முழங்காலில். மாமியார் சட்டென்று மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். சின்னவன் போன பிறகு அவள் இவளைத் தொடுவது இதுதான் முதல் தடவை. வெளிறிய நகங்கள் தோலில் பதிந்தன. பஸ் நடுவில் இறங்கி, ஏறி, அக்கரை போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பஸ் போய்ச் சேர்ந்தது. மாமியார் கையை விட்டாள்.